கட்சித் தலைவரே லாபியிஸ்டா? அமெரிக்கப் பதிவேடுகளில் தேடும் முறை

அமெரிக்காவில் கட்சிப் பதவி என்பது அரசுப் பதவி அல்ல. கட்சித் தலைவர் ஒருவர் லாபியிஸ்டாகவும் (பணம் வாங்கிக்கொண்டு பிறருக்காகச் சட்டமியற்றுபவர்களிடமும் அதிகாரிகளிடமும் பேசுபவர்) இருக்கிறாரா என்று தேடும்போது சிக்கலே இதில்தான் இருக்கிறது. லாபி செய்பவர் கடந்த 20 ஆண்டுகளில் வகித்த கூட்டரசுப் பதவிகளை 1995-ஆம் ஆண்டின் லாபி வெளிப்படுத்தல் சட்டம் கேட்கும். செனட்டரின் உதவியாளராக இருந்திருந்தால்கூட எழுதியாக வேண்டும். ஆனால் இன்றைக்கு அவர் ஒரு மாநிலக் கட்சியின் தலைவரா என்று கேட்காது. கட்சிப் பட்டியலையும் லாபிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு மட்டுமே நலன் முரண் தெரியும்.

முதலில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கட்சிப் பொறுப்பேற்ற நாள், விலகிய நாள். இதற்குக் கட்சி அறிவிப்பும் உள்ளூர்ச் செய்தியும்தான் ஆதாரம். கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தில் கட்சிக் குழு தாக்கல் செய்யும் படிவம் 1-இல் பொருளாளர் பெயர் கட்டாயம் இருக்கும்; தலைவர் பெயர் இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்து லாபிப் பதிவேடு. செனட் செயலாளர் அலுவலகத்தின் தேடுதளத்தில் 1999 முதலான தாக்கல்கள் கிடைக்கும். பெயரைப் பல விதமாகப் போட்டுப் பாருங்கள்: ராபர்ட், அதன் செல்லச் சுருக்கமான பாப், நடுப்பெயரின் முதலெழுத்தோடு, இல்லாமல். காதில் விழுகிறபடி எழுத்துக்கூட்டினால் ஏமாறுவீர்கள்.

கிடைத்த எல்டி-2 காலாண்டு அறிக்கையில் (லாபி நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகத் தாக்கல் செய்வது) நான்கு வரிகள் முக்கியம். 12-ஆம் வரியில் வாடிக்கையாளர் கொடுத்த தொகை. (நம் கோர்ட்டுத் தமிழில் இவரைக் ‘கட்சிக்காரர்’ என்போம், இங்கே அந்தச் சொல்லைத் தொட்டால் குழப்பம்தான்.) 16-இல் எந்த மசோதா, எந்த விவகாரம். 17-இல் எந்த அவை, எந்தத் துறை. 18-இல் வேலை பார்த்தவர்களின் பெயர்கள்.

பலரும் சறுக்குவது 12-ஆம் வரியில். அது நிறுவனத்துக்கு வந்த பணம். உங்கள் ஆளின் சம்பளம் அல்ல. 18-இல் ஐந்து பேர் இருந்தால் அவருக்கு எவ்வளவு போனது என்று படிவம் சொல்லாது, நீங்களும் ஐந்தால் வகுக்கக் கூடாது. தொகை அருகிலுள்ள 10,000 டாலருக்கு முழுமையாக்கப்பட்டிருக்கும். 5,000-க்குக் கீழே என்றால் எண் இருக்காது, படிவத்தின் சிறு பெட்டி ஒன்றில் டிக் குறி மட்டும். திருத்திய அறிக்கை வந்திருந்தால் பழையதைத் தள்ளிவிட்டுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே காலாண்டை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். 17-ஆம் வரி ‘செனட்’ என்பதோடு நின்றுவிடும்; எந்த செனட்டரைச் சந்தித்தார் என்பது அங்கே கிடைக்காது. வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்பவராக இருந்தால் கதை வேறு. நீதித்துறையிடம் உள்ள வெளிநாட்டு முகவர் பதிவேட்டில் சந்திப்புகள் தேதியோடு இருக்கும்.

பணம் கட்சிக்குத் திரும்பி வருவதைப் பார்க்க எல்டி-203 இருக்கிறது. லாபியிஸ்ட் தன் பெயரிலேயே அரையாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்வது; 200 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த நன்கொடைகள் அதில் வரும். பிறரிடம் திரட்டிக் கொடுத்த பணம் வரம்பைத் தாண்டினால், வாங்கிய கட்சிக் குழுவே தேர்தல் ஆணையத்தில் படிவம் 3எல் போட வேண்டும். பெரும்பாலானோர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

பெயரே கிடைக்கவில்லையா? லாபி செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மாதத்தில் அந்த வாடிக்கையாளருக்குச் செலவிடும் நேரத்தில் 20 சதவீதத்தை லாபி வேலை எட்டாவிட்டால் பதிவு தேவையில்லை. ‘ஆலோசகர்’ என்ற பலகையின் பின்னால் பலர் நிற்பது இதனால்தான். செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த டாம் டாஷல் 2004 தேர்தலில் தோற்றபின் பல ஆண்டுகள் ஆலோசகராகவே இருந்து, 2016-இல்தான் பதிவு செய்தார்.

ராஜினாமா அறிவிப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மொன்டானாவின் முன்னாள் ஆளுநர் மார்க் ராஸ்கோவை 2001 டிசம்பரில் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் பதவிக்கு அதிபர் புஷ் தேர்ந்தெடுத்தார். லாபி வேலையும் தொடரும் என்பதே முதல் ஏற்பாடு. எதிர்ப்பு கிளம்பியதும் 2002 ஜனவரியில் லாபியை மட்டும் விடுவதாகச் சொன்னார். சட்ட நிறுவனத்தோடு இருந்த உறவும் அங்கிருந்து வந்த சம்பளமும் நீடித்தன. இத்தகைய ஒருவரைத் தேடினால் எல்டி-2-இன் 23-ஆம் வரியில், ‘இனி லாபி செய்யாதவர்’ பட்டியலில் பெயர் இருக்கும். பதிவேட்டின் கணக்கில் விவகாரம் முடிந்தது. ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் மாறவில்லையே! ஆகவே விலகியபின் வந்த காலாண்டுகளிலும் அந்த நிறுவனத்தின் 16-ஆம் வரியைப் படியுங்கள், அதே மாதங்களில் கட்சி எடுத்த நிலைப்பாடுகளுக்குப் பக்கத்தில் வைத்து.

எழுதும்போது ‘இந்த மாதங்களில் இரண்டு பொறுப்பும் சேர்ந்திருந்தன’ என்பதைத் தாண்டாதீர்கள். இரட்டை வேடம் பெரும்பாலும் சட்டப்படி குற்றமல்ல. லஞ்சம் என்ற சொல்லுக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

மாநிலத் தலைநகரங்களில் நடக்கும் லாபி வேலை வாஷிங்டன் பதிவேட்டில் ஏறாது; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஏடு. கலிபோர்னியாவில் மாநிலச் செயலாளர் அலுவலகம், டெக்சஸில் நெறிமுறை ஆணையம். டெக்சஸில் ஊதியம் பெரும்பாலும் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்றே இருக்கும். நீங்களும் இரண்டு எண்களையும் எழுதுங்கள், நடுவே ஒன்றைக் கணக்குப்போட்டு வைக்காதீர்கள்.