டிசைன் போட்ட மெட்டல் டைல் சீலிங், நாமளே அடிக்கலாம் வாங்க (ராயபுரம் பழைய வீட்டு அனுபவம்)

எங்க வீடு ராயபுரம், தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்திரம் வரிசையா போட்டு அது மேல சின்ன செங்கல்ல நிக்க வெச்சு சுண்ணாம்புக் கலவையில கட்டுன மாடி. பார்க்க சோக்கா இருக்கும், ஆனா சோறு சாப்பிட உக்காந்தா தட்டுல பொடி கொட்டும். அம்மா திட்டு தாங்கல. பிஓபி, அதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், போடலாம்னு பார்த்தா ஈரம் பட்டா கலீஜ் ஆயிடும், அதான் பூ டிசைன் அமுக்கி வர்ற மெட்டல் டைல் பக்கம் போனேன். 1880கள்ல அமெரிக்காவுல இது ரொம்ப ஃபேமஸ், பணக்கார வீட்டு பிளாஸ்டர் வேலைப்பாட்டை கம்மி காசுல காப்பியடிக்க தகட்டுல டிசைன் அடிச்சு வெள்ளை பெயின்ட் பூசுவாங்க. டின் சீலிங்னு பேரு, ஆனா முக்காவாசி இரும்புத் தகடு தான்.

முதல்ல மாடிக்குப் போங்க

டைல் வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடி ஏறி தட்டோடு விரிசல் இருக்கா, தண்ணி போற வழி அடைச்சிருக்கா பாருங்க. ஒழுகல் இருக்குற இடத்தை டைல் போட்டு மூடுனா ஒழுகல் நிக்காது, உங்க கண்ணுக்கு தான் தெரியாது, உள்ள உத்திரம் ஊறி நாஸ்தி ஆயிடும். நாங்க மேல ரிப்பேர் பண்ணிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க வெயிட் பண்ணோம், கடுப்பா தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு உத்திரத்தையும் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, சுவத்துக்குள்ள போற முனையை முக்கியமா. மெத்துனு உள்ள போச்சுன்னா கரையான் இல்ல உளுத்துப் போச்சுனு அர்த்தம், அதோட இந்த வேலையை நிறுத்திட்டு மேஸ்திரிய கூப்பிடுங்க.

இரும்பா அலுமினியமா

நம்ம ஏரியாவுக்கு அலுமினியம். கடல் காத்துல ஜன்னல் கம்பி என்ன ஆகுதுனு ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர்காரங்களுக்கு நான் சொல்லணுமா. பெயின்ட் இல்லாத இரும்பு டைல் சாம்பிள் ஒண்ணு வாங்கி மாடியில போட்டு வெச்சேன், ஒரே மாசத்துல காபி கலர். இரும்பு தான் வேணும்னா தின்னர்ல எண்ணெய்ப் பிசுக்கு துடைச்சிட்டு ரெண்டு பக்கமும் ஆயில் ப்ரைமர் அடிங்க, வெட்டுன ஓரத்துலயும் விடாம. தண்ணில கலக்குற பெயின்ட்ட வெறும் இரும்பு மேல நேரா அடிச்சா காயறதுக்குள்ளயே துரு புள்ளி வந்துடும். அலுமினியத்துல ஒரே தொல்லை, மெத்துனு இருக்கும், கட்டை விரலால அழுத்துனாலே பள்ளம் விழும். ஆணியும் சாதா இரும்பு ஆணி வேணாம், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ வாங்கிக்கங்க.

அளவு

ரூம் 9 அடி 8 இன்ச்சுக்கு 11 அடி 4 இன்ச். டைல் 2 அடிக்கு 2 அடி. பரப்பளவு கணக்கு போட்டா 28 டைல் வருது, நான் 34 வாங்குனேன், கடைசியில ஒண்ணு தான் மிஞ்சுச்சு. ஏன்னா ஓரத்துக்கு வெட்டுற டைல்ல மீதி துண்டு ஒண்ணு ரெண்டு தான் உதவும், மடிப்பு இருக்குற விளிம்பு இருந்தா தான் பக்கத்து டைலோட சேரும்.

சாமான் எல்லாம் மண்ணடி ஹார்டுவேர் கடைங்கள்ல ஒரு ரவுண்டு அடிச்சாலே கிடைச்சிடும். தகரம் வெட்டுற கத்திரி, ட்ரில், டியூப் லெவல் (தண்ணி ஊத்தி மட்டம் பார்க்குற டியூப்), கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி, அப்புறம் தடியான கையுறை. கையுறை இல்லாம தகட்டை தொடாதீங்க, என் மச்சான் ஹீரோ மாதிரி வெறுங்கையால எடுத்தான், முதல் டைலுக்கே ரத்தம்.

கட்டை அடிக்கிறது

டைல் அடிக்கிறது அரை நாள் வேலை, அதுக்கு அடியில சட்டம் சரியா வர்றது தான் ரெண்டு நாள் வேலை. இதுல அவசரப்பட்டா பேஜாரு.

மெயின் ஆஃப் பண்ணுங்க, டெஸ்டர் வெச்சு பாருங்க, ஃபேனை கழட்டி ஓரமா வைங்க. பழைய உத்திரம் எல்லாம் ஒரே மட்டத்துல இருக்காது, எங்க வீட்ல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒண்ணேகால் இன்ச் வித்தியாசம். டியூப் லெவல் வெச்சு நாலு சுவத்துலயும் மட்டம் குறிச்சு நூல் அடிச்சுக்கங்க. அப்புறம் உத்திரத்துக்கு குறுக்கால ரீப்பர் கட்டை (மெல்லிசான மரச் சட்டம்), 16 இன்ச்சுக்கு ஒண்ணு, இறங்காத இடத்துல ப்ளைவுட் துண்டு சொருகி மட்டம் பண்ணுங்க. பழைய தேக்கு செம கெட்டி, முதல்ல 3 எம்எம் பிட்ல ஓட்டை போட்டுட்டு தான் ஸ்க்ரூ ஏத்தணும், இல்லன்னா ஸ்க்ரூ தலை உடைஞ்சு உள்ளயே நின்னுடும். உங்களுது கான்கிரீட் சீலிங்னா 8 எம்எம் ஓட்டை, அதுக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ. ஒயர் பைப் ஸ்லாப்புக்குள்ள எந்த வழியா போகுதுனு லைட் பாயின்ட்ட வெச்சு யோசிச்சிட்டு ட்ரில் பண்ணுங்க.

ரீப்பர் மேல 12 எம்எம் ப்ளைவுட், ஐஎஸ் 710 முத்திரை போட்டது, அதான் மரைன் ப்ளை. சாதா கமர்ஷியல் ப்ளை நம்ம ஊர் ஈரத்துக்கு உப்பிடும். 8க்கு 4 ஷீட்டை கடையிலயே ரெண்டா வெட்டித் தரச் சொல்லுங்க, முழு ஷீட்டை தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ போட முடியாது, கழுத்து போயிடும். 4 அடி துண்டுன்னா 16 இன்ச் கணக்குக்கு ஜாயின்ட் கரெக்டா ரீப்பர் மேலயே வந்து உக்காரும். முதுகுப் பக்கம் கரையான் மருந்து அடிச்சிடுங்க.

ஃபேன் ஹூக் இருக்குற இடத்துல ப்ளைவுட்ல ஓட்டை விட்டுடணும். ஃபேன் வெயிட் முழுக்க பழைய ஹூக்குல தான் தொங்கணும், ப்ளைவுட்லயோ டைல்லயோ ஒரு கிராம் கூட ஏறக்கூடாது. ஒயர் ஜாயின்ட் எதையும் டைலுக்கு மேல விட்டுட்டு மூடாதீங்க, எல்லாம் திறந்து பார்க்குற மாதிரி பெட்டிக்குள்ள இருக்கணும். தலைக்கு மேல முழுக்க மெட்டல், அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரெண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இல்லன்னா எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு முதல்ல அதை போடுங்க. ஒரு ஓரத்துல எர்த் கட்டிட்டா போதும்னு சிலர் சொல்வாங்க, பெயின்ட் அடிச்ச டைல் ஒண்ணுக்கொண்ணு கரெண்ட் கடத்தும்னு நம்ப முடியாது.

நடுக்கோடு

நாலு சுவத்துக்கும் நடுப்புள்ளி எடுத்து நீளத்துக்கு ஒண்ணு அகலத்துக்கு ஒண்ணு கலர் நூல் அடிங்க. சுவரை நம்பி ஓரத்துல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா அவ்ளோ தான், பழைய வீட்டு சுவர் நேரா இருந்ததா சரித்திரமே இல்ல.

நடுக்கோட்டுல டைலோட நடு வரணுமா ஜாயின்ட் வரணுமான்னு குழப்பம் வரும். எங்களுக்கு நடுவுல ஃபேன், அதனால டைலோட நடு. அப்படி வெச்சா அகலத்துல ஓரத் துண்டு 22 இன்ச், சூப்பர். நீளத்துல 8 இன்ச் தான் வந்துச்சு, ஜாயின்ட் வெச்சிருந்தா 20 வந்திருக்கும். ஆனா ஃபேன் பூ டிசைனுக்கு நட்ட நடுவுல இல்லாம கோணலா தொங்குனா தினமும் கண்ணை உறுத்தும், 8 இன்ச் துண்டுல பாதிய கார்னிஸ், அதான் சுவரும் சீலிங்கும் சேர்ற ஓரத்துல ஓட்டுற பட்டை, மறைச்சிடும், அதனால அதையே வெச்சேன்.

டைல் அடிக்கிறது

நடு டைல்ல ஆரம்பிங்க. ஒரு டைலோட மடிப்பு பக்கத்து டைல் மடிப்பு மேல ஏறும், அந்த ஏறுன விளிம்பு வாசப்படியில நின்னு பார்த்தா தெரியாத மாதிரி திசை வெச்சுக்கங்க. ஸ்க்ரூவை மடிப்புலயே 6 இன்ச்சுக்கு ஒண்ணு, ஆனா முழுசா இறுக்காதீங்க, பக்கத்து டைல் உள்ள நுழையணும்ல. நாங்க முதல் நாலு டைலை இறுக்கி அடிச்சிட்டு அஞ்சாவதை சொருக முடியாம மறுபடி எல்லாத்தையும் கழட்டுனோம். நாலு பக்கமும் சேர்ந்தப்புறம் இறுக்கிட்டு, மடிப்பு மேல மரத்துண்டு வெச்சு சுத்தியால லேசா தட்டுனா இடைவெளி மூடிக்கும்.

வெட்டும்போது மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல கோடு போட்டு வெட்டுங்க, பெயின்ட் உரியாது. ஃபேன் ஓட்டை ஃபேன் கப்பை விட சின்னதா இருக்கணும்.

ஓரம்

கார்னிஸ் துண்டுங்களை சுவர் ஓரமா ஓட்டுங்க, மூலையில 45 டிகிரி. முதல்ல அட்டையில வெட்டிப் பார்த்துட்டு அப்புறம் தகட்டுல கை வைங்க. இடுக்கு எல்லாம் பெயின்ட் பிடிக்கிற சீலன்ட் வெச்சு அடைங்க, இல்லன்னா பல்லி குடும்பத்தோட மேல செட்டில் ஆயிடும், எலி வந்தா ராத்திரி தகரத்துல டான்ஸ் கச்சேரி தான்.

ஃபேனை மாட்டிட்டு ரெக்கைக்கும் தரைக்கும் 2.4 மீட்டர், கிட்டத்தட்ட 8 அடி இருக்கான்னு அளந்துக்கங்க. ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. இது போட்டா ரூம் ஜில்லுனு ஆகும்னு எதிர்பார்க்காதீங்க, வெயிலுக்கு மாடியில தனியா தான் ஏதாவது செய்யணும். வைஃபை ரூட்டர் மாடி ரூம்ல இருந்தா கீழ சிக்னல் அடி வாங்கும், நாங்க ரூட்டரை கீழ இறக்கிட்டோம்.

மிச்சமான அந்த ஒரு டைலை பின்னாடி ரிப்பேருக்கு ஆகும்னு பத்திரமா எடுத்து வெச்சேன். இப்ப அது எங்க வீட்டு அரிசி டின்னுக்கு மூடியா இருக்கு, கேட்டா இது நல்லா அகலமா இருக்குடா, எலி தள்ளாதுங்குறாங்க அம்மா.