இம்பரேட்டர் ரோம்: படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்

மட்டக்களப்புப் பக்கம் இம்பரேட்டர் ரோம் என்ற கணினி விளையாட்டை (பழைய காலத்து நாடொன்றை எடுத்து வளர்ப்பது) விளையாடும் பெடியன்மார் ஆட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வட்ஸ்அப்பில் போடுவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இத்தாலி முழுக்க ஒரே நிறம், கீழே "பிடிச்சாச்சு மச்சான்". பார்த்தவன் பெருவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். கதைக்க அதில் என்ன இருக்கிறது?

முதலில் ஆண்டு. இத்தாலியை முப்பது வருடத்தில் பிடித்தவனும் நூற்றைம்பது வருடத்தில் பிடித்தவனும் ஒன்றல்ல. திரையில் ஓடுவது ரோம் நகரம் தொடங்கியதிலிருந்து எண்ணும் கணக்கு. 450இல் தொடங்கி 727இல் முடியும். வெறுமனே "500" என்று எழுதினால் புதிதாக வருகிறவன் கி.மு. 500 என்றே எடுப்பான். 754இலிருந்து கழித்துச் சொல்லுங்கள்: தொடக்கம் கி.மு. 304, முடிவு கி.மு. 27.

பெரிய பிழை, வெற்றியை மட்டும் சொல்வது. அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான அண்டிகோனஸின் ஆட்சியை எடுத்து விளையாடுகிறீர்கள் என்று வையுங்கள். உண்மையில் கி.மு. 301இல் இப்சஸ் போரில் அந்தக் கிழவர் எண்பது வயதில் செத்தார்; அவருடைய நிலத்தை வென்றவர்கள் பங்கு போட்டார்கள். அவரை வீழ்த்தியவர்களில் ஒருவரான செலூக்கஸ், சந்திரகுப்த மௌரியருக்கு நிலம் விட்டுக்கொடுத்து 500 யானைகள் வாங்கியவர். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு "என் ஆட்டத்தில் கிழவர் தப்பிவிட்டார்" என்று போடுங்கள், எல்லாரும் எப்படி என்று கேட்பார்கள். அங்கேதான் விலையைச் சொல்ல வேண்டும். எந்தப் போரைத் தவிர்த்தீர்கள், யாருக்கு எதை விட்டுக்கொடுத்தீர்கள், நிலத்தை அவசரமாக விழுங்கி அக்ரசிவ் எக்ஸ்பான்ஷன் (அப்படி விழுங்குவதற்கு ஆட்டம் போடும் கெட்ட பெயர்க் கணக்கு) ஏறியதால் எந்த மாகாணம் குழம்பியது. தோற்ற சண்டையை ஒளிக்கவே வேண்டாம். அதைத்தான் ஆட்கள் கடைசிவரை வாசிப்பார்கள்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். போனால் கணினித் திரையைப் படம் பிடித்தால் கோடு கோடாகத்தான் வரும். விளையாட்டை வாங்கித் திறக்கும் ஸ்டீம் செயலியில் எஃப்12 அழுத்தினால் போதும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எண்களை வாசிக்க ஏலாது. டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

அயன்மேனா (பிழைவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப விடாத முறை) இல்லையா என்பதையும் மறைக்காதீர்கள். சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து வென்றதில் குற்றமில்லை, சொல்லாமல் பெருமையடிப்பதுதான் அசிங்கம். மொட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) போட்டிருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். 2021இல் இதை வெளியிட்ட பாரடொக்ஸ் நிறுவனம் இந்த விளையாட்டின் வேலையை நிறுத்தி வைத்த பிறகு பலர் இன்விக்டஸ் மொட்டோடுதான் ஆடுகிறார்கள், அதில் பல நாடுகளுக்கு ஆட்டம் கொடுக்கும் பணிகளே வேறு. அது தெரியாமல் உங்களைப் பார்த்து ஆடுகிறவன் இல்லாத பணியைத் தேடிக்கொண்டிருப்பான்.

நம்மூரில் கூடுதலாக ஒன்று. பாண்டியரை எடுத்துத் தெற்கே கடல் தாண்டிப் போகிற ஆட்டம் நல்ல ஆட்டம்தான். ஆனால் அதைப் போடும்போது "வரலாற்றில் இப்படித்தான் நடந்தது" என்ற தொனி வந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் விளையாட்டை எல்லாரும் மறந்துவிடுவார்கள். இந்தத் தீவுக்கு யார் முதலில் வந்தது என்ற பழைய சண்டை தொடங்கிவிடும், அட்மின் குழுவைப் பூட்டும்வரை நிற்காது. "இது என் ஆட்டத்தில்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.