பறக்கும் படகுகளின் போர்க்கால இழப்புகள்: பட்டியல் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் தொலைந்த ஒரு பறக்கும் படகை, அதாவது நீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினாவையோ சண்டர்லாந்தையோ போன்ற விமானத்தை, தேடத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். இன்று இத்துறையில் பழுத்தவர்களும் அதே குழிகளில் விழுந்து எழுந்தவர்களே. பெயரில் எழுத்துப்பிழை, பக்க எண் மாறாட்டம் போன்றவற்றை யாராவது ஒருவர் திருத்திவிடுவார். ஒருமுறை பட்டியலுக்குள் புகுந்துவிட்டால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதி எழுதியே நிலைத்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

விமானம் போனால் ஆட்களும் போனார்கள் என்று எழுதுவது

எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் தீராத தவறு இது. இன்றுவரை எரிச்சலூட்டுவதும் இதுதான். பதிவேட்டில் ஒரு விமானம் "இழப்பு" என்று இருக்கும். அந்த வகை விமானத்தில் வழக்கமாக எத்தனை பேர் பறப்பார்கள் என்று பார்ப்பார்கள். கேட்டலினாவா, 8 அல்லது 9. சண்டர்லாந்தா, 10 அல்லது 11. அந்த எண் அப்படியே "உயிரிழந்தோர்" பத்தியில் ஏறிவிடும்.

சாதாரணக் குண்டுவீச்சு விமானத்துக்கே தேறாத கணக்கு இது. பறக்கும் படகுக்குச் சற்றும் ஒத்துவராது. அதன் உடலே படகு என்பதால், அடிபட்டு இறங்கினாலும் சில நிமிடங்களாவது மிதக்கும். அந்த நிமிடங்களில் ரப்பர் படகை வெளியே தள்ளிவிடலாம். எதிரிக் கப்பல் பக்கத்தில் இருந்தால் சிறைப்படலாம். பல மணி நேரம் மிதந்து குளிரில் சாகலாம். இதற்கு நேர்மாறாக, துறையில் கட்டிக் கிடக்கும்போது எரிந்துபோகும் படகில் ஓர் ஆள்கூட இல்லாமல் இருக்கலாம், குழுவோடு சேர்த்துப் பயணிகளும் நிறைந்திருக்கலாம்.

இலங்கைக் கடலில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலவிலிருந்து கிளம்பியது கனடிய விமானப்படையின் 413-ஆம் ஸ்குவாட்ரன் (விமான அணி) கேட்டலினா ஒன்று. தலைவர் லெனர்ட் பர்ச்சால். இலங்கைக்குத் தெற்கே வெகு தொலைவில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் தொகுதியைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. ஏறியவர்கள் 9 பேர். இந்த விமானத்தைப் பற்றிய கட்டுரைகளில் "ஒன்பது பேரும் பலி" என்ற வரி இன்னும் உலவுகிறது. உண்மையில் இறந்தவர்கள் மூவர். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். படுகாயத்தோடு நீரில் மிதந்த இருவர், விமானங்கள் மறுபடி தாழ்ந்து சுட்டபோது இறந்தனர். மீதி ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது. அவர்கள் சிறை முகாம்களைத் தாண்டிப் போர் முடியும்வரை உயிரோடிருந்தார்கள்.

சிறைக்கைதிகளின் பெயர்ப்பட்டியலில் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. பர்ச்சால் முதலில் அடைக்கப்பட்ட ஒஃபுனா, விசாரணைக்கென்று கடற்படை நடத்திய முகாம். செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதிவாகாதது. அங்கே இருந்தவரை ஒரு கைதியின் பெயர் வெளியுலகப் பட்டியல் எதிலும் ஏறாது. பட்டியலில் இல்லாததை இறப்புக்குச் சான்றாக எடுத்தால் உயிரோடிருந்தவரைக் கொன்றுவிடுவீர்கள்.

ஐந்து நாள் கழித்து, திருகோணமலை தாக்கப்பட்ட ஏப்ரல் 9 அன்று, அதே ஸ்குவாட்ரனின் இன்னொரு கேட்டலினாவும் அதே கப்பல் தொகுதியைக் கண்டு சொல்லிக்கொண்டிருக்கும்போது வீழ்ந்தது. அதில் ஒருவரும் தப்பவில்லை. ஒரே அணி, ஒரே வகை விமானம், ஒரே எதிரி, ஒரே வாரம். விமானப் பத்தியில் இரண்டும் "1" தான். ஆட்கள் பத்தியில் ஒன்று 9-க்கு 3, மற்றது முழுக் குழுவும்.

ஆஸ்திரேலியாவின் ப்ரூம் துறைமுகத்தில் இது வேறு வடிவம் எடுக்கிறது. 1942 மார்ச் 3 காலை, தீமோரிலிருந்து வந்த ஒன்பது ஜீரோக்கள் ரோபக் விரிகுடாவில் மிதந்த 15 பறக்கும் படகுகளையும் எரித்தன. டச்சுக் கடற்படையின் டோர்னியர் 5, டச்சு கேட்டலினா 4, அமெரிக்கக் கடற்படையுடையவை 2, பிரிட்டிஷ் 2, எம்பயர் வகை 2. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் பல, கரைக்குப் போக முடியாமல் படகுகளிலேயே இருந்தன. ப்ரூமில் கடல் ஏற்றவற்றம் பத்து மீட்டர் அளவுக்குப் போகும். வற்றத்தில் கரைக்கும் படகுக்கும் நடுவே சேற்றுவெளிதான். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அவசரத்தில் ஏற்றியதால் பயணிகள் பட்டியல் ஒழுங்காக இல்லை. குறைந்தது 88 பேர் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட எண். அதிலும், அப்போதுதான் தரையிலிருந்து எழுந்து கடலில் வீழ்ந்த லிபரேட்டர் விமானத்தின் காயம்பட்ட வீரர்கள் அடக்கம். 88-ஐ 15-ஆல் வகுத்து "படகுக்கு ஆறு விமானியர்" என்று எழுதுவது, அங்கே செத்த குழந்தைகளை விமானியராக்குவது.

ஹவாயின் கனேயோஹே தளம் மறுகோடி. 1941 டிசம்பர் 7 அன்று அங்கிருந்த 36 கேட்டலினாக்களில் 33 அழிந்தன அல்லது சேதமடைந்தன. ரோந்தில் இருந்த மூன்று மட்டும் தப்பின. 33-ஐ எட்டால் பெருக்கினால் வருவது வெறும் கற்பனை. அவை சரிவுமேடையிலும் கொட்டகையிலும் நீரிலும் நின்ற விமானங்கள். அன்று அங்கே இறந்தவர்கள் தளத்தில் பணியிலிருந்தவர்கள். எந்த விமானத்தின் பெயரிலும் அவர்களை ஏற்ற முடியாது.

விமானம் போன நாளும் ஆள் போன நாளும்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1944 ஜூன் 24 அன்று டேவிட் ஹோர்னெல் ஓட்டிய கான்ஸோ (கேட்டலினாவுக்குக் கனடாவில் வழங்கிய பெயர்), ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே யூ-1225 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதற்குள் நீர்மூழ்கியின் துப்பாக்கிகள் விமானத்தின் ஓர் எஞ்சினையே கழன்று விழச் செய்திருந்தன. எரியும் விமானத்தை நீரில் இறக்கினார்கள். எட்டுப் பேருக்கு மிஞ்சியது ஒரே ரப்பர் படகு. மீட்பு வர சுமார் 21 மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இருவர் குளிரில் இறந்தனர். தூக்கிய சற்று நேரத்தில் ஹோர்னெலும் இறந்தார். சண்டையில் எட்டுப் பேரும் பிழைத்திருந்தார்கள். கொன்றது கடல்.

ஆகவே இரண்டு தாள் வையுங்கள். முதல் தாளில் ஒரு விமானத்துக்கு ஒரு வரி: வரிசை எண் (விமானப்படை அந்த விமானத்துக்குக் கொடுத்த எண்), ஸ்குவாட்ரன், கிளம்பிய தளம், கடைசிச் செய்தி வந்த நேரம், இழப்பின் காரணம். இரண்டாம் தாளில் ஓர் ஆளுக்கு ஒரு வரி: பெயர், படை எண், அன்றைய பணி, விமானத்தின் வரிசை எண், இறந்த நாள், இறந்த விதம், கல்லறை அல்லது நினைவுச் சுவர். பயணிகளுக்குப் பணிப் பத்தியில் "பயணி" என்றே போடுங்கள். பிழைத்தவர்களுக்கும் வரி கொடுங்கள். இரண்டு தாளையும் இணைப்பது வரிசை எண் மட்டுமே.

பிழைத்தவர்களுக்கு எதற்கு வரி என்றால், அவர்கள் மறுபடி வருவார்கள். 1943 ஜூன் 2 அன்று பிரான்சுக்கு மேற்கே பிஸ்கே விரிகுடாவில் எட்டு ஜெர்மன் யுங்கர்ஸ் 88 விமானங்களோடு போரிட்ட ஆஸ்திரேலிய 461-ஆம் ஸ்குவாட்ரன் சண்டர்லாந்தில் இருந்தவர்கள் 11 பேர். இறந்தவர் ஒருவர், பொறியாளர். விமானம் கார்ன்வாலின் ப்ரா மணற்கரைவரை தட்டுத்தடுமாறி வந்து, கரையேறியபின் அலையில் உடைந்தது. அந்தக் குழுவின் டௌலிங்கும் வேறு சிலரும் அதே ஆண்டு ஆகஸ்டு 13 அன்று வேறொரு சண்டர்லாந்தில், அதே விரிகுடாவில், அதே வகை எதிரி விமானங்களால் வீழ்ந்தனர். ஆட்களுக்குத் தனி வரி இல்லாத பட்டியல்களில் இவர்கள் ஜூனில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் இறக்கிறார்கள்.

முதல் அறிவிப்பை முடிவான கணக்காகக் கொள்வது

1942 ஆகஸ்டு 25 அன்று பிரிட்டிஷ் மன்னரின் தம்பி கென்ட் கோமகன் பயணித்த சண்டர்லாந்து, இன்வர்கார்டனிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிளம்பிய சிறிது நேரத்தில், ஸ்காட்லாந்தின் டன்பீத் அருகே மேகம் மூடிய மலைச்சரிவில் மோதியது. ஏறியவர்கள் 15. எல்லோரும் இறந்ததாகவே முதலில் கருதப்பட்டது. வால்பகுதிச் சுடுநர் ஆண்ட்ரூ ஜாக் தீக்காயங்களோடு மலையில் அலைந்து, மறுநாள் ஒரு குடிசையை அடைந்தார். அன்றைய தேதியிட்ட தாளை மட்டும் பார்த்தால் 15. இரண்டு நாள் தள்ளிப் பார்த்தால் 14.

அமெரிக்கர்களின் இறந்த தேதியை அப்படியே நம்புவது

காணாமற்போன அமெரிக்க வீரர் இறந்ததாகக் கருதப்படும் நாளைச் சட்டப்படி பெரும்பாலும் ஓராண்டும் ஒரு நாளும் கழித்துத்தான் குறித்தார்கள். நினைவுச் சுவரில் இருப்பதும் அந்தத் தேதிதான். 1943-இல் விழுந்த விமானத்தின் ஆளுக்கு 1944 என்று இருந்தால், ஓராண்டு சிறையில் இருந்து செத்தார் என்று கதை கட்டாதீர்கள்.

அவர்களுடைய "காணாமற்போன குழு அறிக்கை" தரைப்படையின் விமானப்பிரிவுக்கு உரியது. கடற்படைக் கேட்டலினாவுக்கு அதைத் தேடி மாதங்களைக் கழிக்க வேண்டாம். ஸ்குவாட்ரனின் போர் நாட்குறிப்புக்குப் போங்கள்.

நேரம்

ஜப்பானியக் கப்பல்கள் எந்தக் கடலில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தில் எழுதின. பிரிட்டிஷ் பதிவுகளில் கிரீனிச் நேரமும் உள்ளூர் நேரமும் கலந்து கிடக்கும். பசிபிக் போரின் முதல் நேசநாட்டு விமான இழப்பு பிரிட்டிஷ் 205-ஆம் ஸ்குவாட்ரனின் டபிள்யூ 8417 கேட்டலினா. சயாம் (இன்றைய தாய்லாந்து) வளைகுடாவில் எட்டுப் பேரோடு போயிற்று. தேதி டிசம்பர் 7. ஹவாயின் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் டிசம்பர் 7. ஆனால் சயாமில் அது விழுந்தபோது ஹவாயில் டிசம்பர் 6 தான் நடந்துகொண்டிருந்தது. தேதியை மட்டும் எழுதி நேரமண்டலத்தை விட்டால், முதலில் விழுந்தது எது என்பதே தலைகீழாகிவிடும்.

சைனா பே சீனாவில் இல்லை

திருகோணமலையில் இருக்கிறது, நமக்குச் சீனக்குடா. அதேபோல், பதிவேட்டில் "ரெட்ஹில்ஸ் லேக்" என்று வருவது சென்னைக்கு வடக்கே உள்ள புழல் ஏரி. 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்கள் அங்கே நன்னீரில் இறங்கி ஏறின.

மிதவை விமானத்தைப் பறக்கும் படகு என்பது

உடலே நீரில் அமர்ந்தால் பறக்கும் படகு. கீழே தனி மிதவைகள் இருந்தால் அல்ல.

எல்லா இழப்பையும் எதிரியின் கணக்கில் எழுதுவது

திரும்பி வராத விமானத்துக்கு நேரே "சுட்டு வீழ்த்தப்பட்டது" என்று போட்டுவிடுவது எளிது. பறக்கும் படகைக் கொல்ல எதிரி வேண்டியதில்லை. நடுக்கடல் அலையில் இறங்கினால் அடித்தகடுகளின் தறையாணிகள் தெறித்து நீர் புகும். கண்ணாடிபோல் அசையாத நீரில் இறங்கும் விமானிக்கு உயரம் தெரியாது. மூக்கு குத்தி உடையும். இரவில் கிளம்பும்போது மிதக்கும் ஒரு மரக்கட்டை போதும், அடிப்பகுதி கிழிய. புயலில் கட்டவிழ்ந்து கரையில் மோதும். எரிபொருள் நிரப்பும்போது தீப்பிடிக்கும்.

ஜப்பானியக் கடற்படைத் தளபதி கோகா மினெய்ச்சி 1944 மார்ச் 31-ஐ ஒட்டி, பலாவிலிருந்து தவாவோவுக்குப் போகும் வழியில் புயலில் தொலைந்தார். துணைக்கு வந்த இரண்டாவது கவானிஷி பறக்கும் படகும் அதே புயலில் சிக்கி செபூ தீவருகே கடலில் இறங்கியது. அதிலிருந்த கோகாவின் தலைமை அதிகாரி ஃபுகுதோமே உயிர்பிழைத்து பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களிடம் சிக்கினார். இரண்டையும் ஒரே விமானமாக்கி, அதை அமெரிக்கர் வீழ்த்தியதாகவும் எழுதுகிறார்கள். இரண்டிலுமே ஒரு குண்டும் பாயவில்லை.

சான்று இல்லையென்றால் காரணப் பத்தியில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

கடைசிச் செய்தி வந்த இடத்தை விழுந்த இடம் என்பது

அக்கால வழிகாட்டி வேகம், திசை, காற்று மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டே இடத்தைச் சொன்னார். காற்றின் வேகத்தில் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) தவறினால் ஆறு மணி நேரத்தில் 60 கடல்மைல் விலகும். அதற்கு மேல், கேட்டலினா மணிக்கு ஏறத்தாழ 100 கடல்மைல் போகும். கடைசிச் செய்திக்கும் அடுத்துத் தவறிய செய்திக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி என்றால், விமானம் 100 கடல்மைல் ஆரமுள்ள வட்டத்தில் எங்கேயும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு 31,000 சதுர கடல்மைலுக்கு மேல். வரைபடத்தில் புள்ளி வைக்காமல் வட்டம் போடுங்கள். பக்கத்தில் "கடைசிச் செய்தி" என்று எழுதுங்கள்.

மாதச் சுருக்கத்தோடு நின்றுவிடுவது

பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் பதிவேட்டில் படிவம் 540 பொதுச் சுருக்கம். படிவம் 541-இல்தான் ஒவ்வொரு பறப்புக்கும் விமான எண், ஏறியவர்களின் பெயர், கிளம்பிய நேரம் இருக்கும். 540-ஐ மட்டும் படித்தவர்கள் வழக்கமான குழுவின் பெயர்களை எழுதிவிடுகிறார்கள். அன்று காய்ச்சலில் படுத்தவருக்குப் பதிலாக ஏறியவர் விடுபட்டுப்போகிறார்.

தவறான நினைவுச் சுவரில் தேடுவது

கல்லறை அறியப்படாத விமானியரில், பிரிட்டனின் தளங்களிலிருந்து போனவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில், 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவர்களை அங்கே தேடிவிட்டு "பெயர் இல்லை, ஆகவே பிழைத்திருக்கலாம்" என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்குரிய இடம் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர். பர்ச்சாலின் விமானத்துக்காக அங்கே போகிறவர் தேட வேண்டியது மூன்று பெயர்கள், ஒன்பது அல்ல.