380-ல் நின்றுபோன வெப்சாக்கெட்: என் அனுபவம்

ஜாங்கோ சேனல்ஸில் (பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவுக்கு வெப்சாக்கெட் வசதி தருவது) ஓடும் நேரலை ஏல ஆப். சுமார் 380 பேர் சேர்ந்ததும் புது வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) திறக்காது; ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சிபியு, ரேம் இரண்டும் சும்மாதான் கிடந்தன.

செய்திகளைக் கைமாற்றும் ரெடிஸ் சேனல் லேயரின் கெப்பாசிட்டியை (ஒரு சேனலில் காத்திருக்கக்கூடிய செய்திகள், இயல்பில் 100) ஏற்றியும் பலனில்லை. ஆப்பை ஓட்டும் சர்வரான டாஃப்னிக்குப் பதில் யுவிகார்ன் போட்டாலும் அதே கதை. ஃபிரேம்வொர்க்கையே மாற்றிவிடலாம் என்று எலிக்சர் மொழியின் ஃபீனிக்ஸில் சின்ன மாதிரி ஒன்று எழுதி ஓட்டினால், அதுவும் அதே எண்ணில் நின்றது! இரண்டுக்கும் பொதுவாக முன்னால் இருந்தது என்ஜின்எக்ஸ் (பயனர்களின் இணைப்பை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் பிராக்ஸி சர்வர்) மட்டும்தான்.

அதன் எரர் லாகில், 768 வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ் போதவில்லை என்று ஒரு வரி. ஒரு வொர்க்கர் (என்ஜின்எக்ஸின் வேலை செய்யும் புராசஸ்) ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய இணைப்புகளின் உச்சம் அது; உபுண்டு பேக்கேஜின் கான்ஃபிக்கில் வரும் எண். எங்களுடையது ஒற்றை கோர் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), அதனால் வொர்க்கரும் ஒன்றே. பிராக்ஸியாக இருக்கும்போது பயனர் பக்கம் ஒன்று, ஆப் பக்கம் ஒன்று என ஒருவருக்கு இரண்டு கனெக்‌ஷன் கணக்காகும். ஆக 384-தான் உச்சம். சாதாரண எச்டிடிபியில் கனெக்‌ஷன்கள் சீக்கிரம் விடுபடுவதால் இது கண்ணில் படாது.

வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ் 8192, வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல் (ஒரு வொர்க்கர் திறந்து வைக்கக்கூடிய ஃபைல், சாக்கெட் எண்ணிக்கை) 20000 என வைத்து ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. ஆப்பின் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்குவது) யூனிட்டிலும் அதே வகை வரம்பான லிமிட் நோஃபைலை 65536 ஆக்குங்கள். லிமிட்ஸ் கான்ஃப் ஃபைலில் எழுதினால் சிஸ்டம்டி சர்வீஸ் அதைச் சீண்டாது. ஜாங்கோவிலேயே தொடர்கிறோம்.