நட்டு ஏறிவிட்டால் போதாது

கோத்தகிரியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் இறக்கம் வந்துவிடும். அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஆக்சிலை (சக்கரங்களைத் தாங்கும் அச்சை) எடுத்துவிட்டு வேறு வண்டியின் ஆக்சிலை மாட்ட வருகிறவர்களுக்குப் பிரேக் கவலை கடைசியில்தான் வரும். கிரவுன் பல் எத்தனை, யூ போல்ட் சேருமா, ஜாயின்ட் ஷாஃப்ட்டை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். எல்லாம் முடிந்த சாயங்காலம், "அண்ணே, அந்தப் பிரேக் பைப்பை மட்டும் மாட்டிவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்" என்பார்கள்.

முன்பு நானும் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன். தேயிலை மூட்டை இழுக்கும் பழைய ஜீப் அது. கோவையில் உடைசல் கடையில் வாங்கிய பின்பக்க ஆக்சில், எந்த வண்டியில் இருந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஜீப்பின் பழைய ஹோஸை (ஆயில் போகும் ரப்பர் குழாய்) ஆக்சிலில் இருந்த டி-யில் (ஆயிலை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் மூவழி இணைப்பு) திருகினேன். லேசாக ஆடியது, ஆனாலும் ஏறியது. ஷெட்டில் மிதித்துப் பார்த்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. கீழ்கோத்தகிரி ரோட்டில் இரண்டாவது வளைவில் அழுத்தி மிதித்தபோது ஹோஸ் நூலோடு (திருகு மரையோடு) கழன்று வந்துவிட்டது. பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அந்த ஜீப்பில் அது ஒற்றை வழி. ஓரிடத்தில் ஆயில் போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அதன் கை பிரேக் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம்மில் இருந்ததால் பிழைத்தேன். வண்டி தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

காரணம் இதுதான். மஹிந்திரா 1947-இல் வில்லீஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து வந்த வம்சத்தில் பிரேக் நூல் இஞ்ச் கணக்கு. விட்டம் 3/8 இஞ்ச், இஞ்ச்சுக்கு 24 நூல். பின்னால் வந்த பல வண்டிகளில் 10 மில்லிமீட்டர், நூல் இடைவெளி 1 மில்லிமீட்டர். 3/8 இஞ்ச் என்பது 9.53 மில்லிமீட்டர், அதன் நூல் இடைவெளி 1.06. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிரேக் பைப் நட்டுக்கு நூல் வெளிப்பக்கம் இருக்கும். இஞ்ச் நட்டு மெட்ரிக் (மில்லிமீட்டர் கணக்கு) ஓட்டைக்குள் தொளதொளவென்று ஏறும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். ஆனால் நூலின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். மெட்ரிக் நட்டை இஞ்ச் ஓட்டையில் விட்டால் இரண்டு சுற்றில் இறுகிவிடும். அது பரவாயில்லை, தப்பு என்று அதுவே சொல்லிவிடுகிறது.

ஆகவே வண்டியின் பெயரை நம்பாதீர்கள். நூல் கேஜும் (நூல் இடைவெளியை ஒப்பிடும் பல் தகடு) வெர்னியரும் (விட்டம் அளக்கும் கருவி) எடுங்கள். நட்டின் வெளி விட்டம் 9.4, 9.5 காட்டினால் இஞ்ச், 9.8, 9.9 காட்டினால் மெட்ரிக். சந்தேகம் வந்தால் கேஜை நூலில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த அளவு இல்லை.

நூல் சேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஆயிலை அடைப்பது நூல் அல்ல, பைப்பின் நுனி. (அதனால்தான் டெஃப்லான் டேப் சுற்றுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.) நுனி இரண்டு விதம். ஒன்று டபுள் ஃப்ளேர்: ஊமத்தம் பூ மாதிரி விரிந்து, விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். இன்னொன்று பபிள் ஃப்ளேர்: காளான் தலை மாதிரி உருண்டு நிற்கும். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கூம்பாக மேடு எழும்பியிருந்தால் டபுள் ஃப்ளேர், குழிந்திருந்தால் பபிள். மெட்ரிக் என்றாலே பபிள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 10 மில்லிமீட்டர் நூலும் டபுள் ஃப்ளேரும் சேர்ந்தே இருக்கும்.

சரி, வண்டிப் பக்கமும் ஆக்சில் பக்கமும் வேறு வேறாக இருந்தால்? ஆக்சிலோடு வந்த பைப்புகளையும் டி-யையும் துருப்பிடிக்காமல் இருந்தால் அப்படியே விடுங்கள். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஓடும் பைப்பையும் தொடாதீர்கள். நடுவில் உள்ள ஹோஸைப் பாலமாக்குங்கள்: ஒரு முனை சேஸிஸ் நூல், மறு முனை ஆக்சில் நூல். அப்படி ஹோஸ் கிடைக்காவிட்டால் ஒரு சின்னப் பைப் செய்து சமாளிக்கலாம். 3/16 இஞ்ச் பைப்பும் 4.75 மில்லிமீட்டர் பைப்பும் நடைமுறையில் ஒன்றுதான். ஒரே பைப்பின் ஒரு முனையில் இஞ்ச் நட்டும் அதற்கான ஃப்ளேரும், மறு முனையில் மெட்ரிக் நட்டும் அதற்கான ஃப்ளேரும் போட்டுவிடலாம். அடாப்டர் அடுக்குவதைவிட இது மேல், ஜாயின்ட் குறையும்.

பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்காமல் கட்டரில் வெட்டி, உள் பிசிறை எடுத்து, ஃப்ளேர் அடிக்கும் முன் நட்டைக் கோத்துவிடுங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது நான் மறப்பது இதைத்தான். வளைவு எடுக்கக் கட்டுக்கம்பியில் மாதிரி வளைத்துக்கொண்டால் பைப் வீணாகாது. வெறும் செம்புப் பைப் வேண்டாம், ஏசி வேலைக்கு வரும் கம்ப்ரெஷன் யூனியனும் வேண்டாம். இரண்டும் பிரேக் அழுத்தத்துக்கானவை அல்ல.

ஹோஸ் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது அளக்காதீர்கள். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஆக்சில் தன் எடையில் முழுதாகத் தொங்கும்போது அளங்கள். அந்த நிலையிலும் இரண்டு விரல் தளர்வு இருக்க வேண்டும். முன் ஆக்சில் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். நீளம் கூடினாலும் தொல்லைதான், ஸ்பிரிங் பட்டையிலோ டயரிலோ உரசும். முதலில் டி பக்கத்தை முறுக்கி, அப்புறம் சேஸிஸ் பிராக்கெட்டில் கிளிப் போட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாது. பேஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்) இருந்தால் இரண்டு செம்பு வாஷரும் புதிதாகப் போடுங்கள்.

பழைய ஆக்சிலில் டிரம், வந்ததில் டிஸ்க் என்றால் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்கில் அது பேட் உரசலாக வந்து சேரும். சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியில் அதன் கம்பியைப் புதிய ஆக்சிலில் பழைய கோணத்திலேயே மாட்டுங்கள்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு இந்த வேலை செய்யும் முன் ஆர்டிஓ அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால்தான் நான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

ஏர் எடுப்பதற்கு (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) புதிதாகத் திறந்த டாட் 4 ரகப் பிரேக் ஆயில். எங்கள் பனியில் டப்பா மூடியை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் சீக்கிரம் கொதிக்கும். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள், நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் அது பின் இடது. பெடல் நிற்க ஆரம்பித்ததும் ஒருவரை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுங்கள். அந்த ராத்திரி வண்டிக்கடியில் அட்டை விரித்து வைக்கிறேன். காலையில் அட்டை காய்ந்திருந்தால் முதலில் ஃபேக்டரி முற்றத்தில் பத்துச் சுற்று, அப்புறம் சுமையில்லாமல் இரண்டாவது கியரில் சின்ன இறக்கம், திரும்பி வந்து மறுபடியும் டிஷ்யூ.