ஜெபத்தில் ஏசாதீர்கள்: வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூத்தவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக ஒரு வார விடுப்பில் வந்திருந்தான். இரவு எட்டு மணிக்கு வழக்கம்போல் குடும்ப ஜெபம். பாட்டு முடிந்தது, இளையவள் வேதம் வாசித்தாள், ஜெபிக்கிற முறை எனக்கு வந்தது. "ஆண்டவரே, இரவு இரண்டு மணி வரைக்கும் கைபேசியை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைக் கொடும். வாங்குகிற சம்பளத்தை ஓட்டல்காரனுக்குக் கொட்டிக் கொடுக்காமல்..." என்று தொடங்கினேன். தாடி, தசமபாகம், தூரத்துச் சித்தப்பாவுக்கு போன் செய்யாதது என்று ஒன்றும் விடவில்லை. கடைசியில் 'ஆமென்' சொல்லும்போது ஒரு குரல் குறைந்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "அம்மா, நீங்கள் சொன்னதில் ஆண்டவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எனக்குத்தானே சொன்னீர்கள்? என்னைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே."

கோபம் வந்தது எனக்கு. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தேன். ஆனால் அவன் சொன்னது சரி. கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் எதிர்த்துப் பேச முடியாது, நடுவில் எழுந்து போகவும் முடியாது என்ற தைரியத்தில்தான் நான் அப்படி ஜெபித்தேன். அதற்கு எங்கள் குமரி மாவட்டப் பக்கத்தில் ஒரு பெயரே உண்டு: ஜெபத்தில் ஏசுவது. என் மாமியார் என்னை அப்படி ஏசியிருக்கிறார். அவருடைய மாமியார் அவரை ஏசியிருப்பார். பிள்ளை சிறுவனாக இருக்கும்வரை இது செல்லும். இருபது வயதைத் தாண்டியவனுக்கு அது ஜெபம் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பிறகு குடும்ப ஜெபம் என்றாலே தலைவலி வரும், குளிக்கப் போகத் தோன்றும், நண்பனைப் பார்க்க மார்த்தாண்டம் வரை போகவேண்டி வரும்.

கைபேசியைப் பற்றிப் பேசவேண்டுமானால் மறுநாள் காலையில், தேநீர் கொடுக்கும்போது, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஜெபத்தில் அவன் உடம்புக்காகவும் வேலைக்காகவும் மட்டும் கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் செய்த மற்றத் தவறுகளை யோசித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே இதே கதைதான். நேராகச் சொல்லவேண்டியதை வேறு ஏதாவது ஒன்றின் மறைவில் நின்று சொல்லியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி தொலைபேசி அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "மக்களே, கோயிலுக்குப் போனாயா?" எங்கள் ஊரில் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். 'போனேன்' என்று பதில் வரும். "என்ன வசனத்தில் பிரசங்கம்?" என்று அடுத்த கேள்வி. இந்த இரண்டாவது கேள்விதான் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறது. என் தோழியின் மகன் சென்னையில் படுக்கையில் கிடந்தபடியே யூடியூபில் ஒரு பிரசங்கத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வானாம், அம்மா கேட்டால் சொல்ல. அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள், அவனும் சொல்கிறான். இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது? ஞாயிறு காலை கோயிலைத் தவிர எதையாவது கேளுங்கள். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, அறையில் கூட இருக்கிற பையனுக்குக் காய்ச்சல் விட்டதா. கோயிலுக்குப் போயிருந்தால் அவனே சொல்வான். போகாத ஞாயிறுகளைப் பற்றியும் ஒருநாள் சொல்வான். என் மகன் சொல்ல ஒன்றரை வருடம் ஆனது.

இதைவிடப் பெரிய சண்டை, பிள்ளை வேறு சபைக்குப் போகத் தொடங்கும்போது வருவது. நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ. கோயிலும் கத்தோலிக்கக் கோயிலும் இரட்சணிய சேனைக் கூடமும் பெந்தெகொஸ்தே ஜெபவீடும் இருக்கும். பெயர்ப்பலகை மாறினால் குடும்பமே இரண்டாகிவிட்டதுபோல் அழுகிறோம். "தாத்தா காலத்துச் சபையை விட்டுவிட்டாயே" என்கிறோம். தாத்தாவுக்குத் தாத்தா என்ன செய்தார் என்று யாராவது யோசிக்கிறோமா? ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல், நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூருக்கு வந்தார் என்றால், அதற்கு முன்பே மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூர்ப் பக்கம் போய் விசுவாசத்துக்கு வந்து, வேதமாணிக்கமாகத் திரும்பி, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்ததுதான் காரணம். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரண்டு பேருமே வளர்ந்தபின் தாமாக யோசித்து, பெற்றோர் வழியிலிருந்து விலகி நடந்தவர்கள். அவர்களை மேடையில் புகழ்ந்துவிட்டு, வீட்டில் சொந்த மகள் ஒரு கேள்வி கேட்டால் "வாயை மூடிக்கொண்டு ஜெபி" என்கிறோம்.

வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் தாங்களே உறுதிசெய்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைச் சேலை எடுத்து, உறவை அழைத்து, மதியம் பிரியாணி போடுகிறோம். பிள்ளைகள் 'திடனற்றுப்போகாதபடி' அவர்களைக் கோபமூட்டாதீர்கள் என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியிருப்பதும் அதே திடன்தான். அது பிள்ளைகளுக்கான வசனம் இல்லை, பெற்றோருக்கானது. ஏனோ அதை நாங்கள் மனப்பாட வசனமாகக் கொடுத்ததே இல்லை.

அடுப்படிக்கு வருகிறேன். ஒருநாள் மூத்தவன் போன் செய்தான். சந்தையில் மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, கிடைத்ததாம், ஆசையாக வாங்கி வேகவைத்தானாம். "கசக்கிறது அம்மா." எப்படி வேகவைத்தாய் என்று கேட்டேன். அளவாகத் தண்ணீர் வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, மூடி வைத்து, அதிலேயே வற்றவிட்டிருக்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் உண்டு. கசப்புக் கிழங்கில் அது அதிகம். அதனால்தான் தோலை முழுவதும் உரித்து, நறுக்கி, தண்ணீர் நிறைய வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, வெந்தபின் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். கொட்டச் சொல்லிவிட்டு, அவன் கொட்டும்வரை போனை வைக்கவில்லை.

இருபத்து மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் மரச்சீனியும் சாளைக் குழம்பும் தின்று வளர்ந்தவன். வடித்துக் கொட்டுவது அவனுக்குத் தெரியாமல் போனது எப்படி? அவன் கண்ணுக்குத் தட்டு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வடிக்கிற வேலை என் கையோடு முடிந்துவிட்டது. இளையவளோ பன்னிரண்டு வயதிலேயே மீன் செதில் சுரண்டவும் தேங்காய் அரைத்து ஊற்றவும் கற்றுவிட்டாள். கற்றுக்கொண்டாள் என்று பெருமையாகச் சொல்வேன், உண்மையில் கற்க வைத்தேன். ஆண்பிள்ளைக்குச் சமையல் சொல்லிக் கொடுக்காதது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுப்பில் வருகிற மகனை விருந்தாளிபோல் உட்காரவைத்துச் சோறு போடாதீர்கள். அவன் சாப்பிட்ட தட்டையும் உங்கள் தட்டையும் சேர்த்துக் கழுவட்டும். முதல் நாள் பாட்டி முகத்தைச் சுளிப்பார். மூன்றாம் நாள் பழகிவிடும்.

இனிச் சொல்லப்போவதை வீட்டு ஆண்கள் படித்தால் நல்லது.

என் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து சில வாரத்தில் அண்ணன்மார் காரோடு வந்து, "ஒரு கையெழுத்துதான்" என்று பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அண்ணன் தாளின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்திருந்தார். அதனால் அந்த மூலையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. கையெழுத்துப் போட்டேன். வரும் வழியில் பிரியாணி வாங்கித் தந்தார்கள். நிலம் போனதில் எனக்கு வருத்தம் குறைவு. "உனக்கும் பங்கு உண்டு, எங்களுக்கு விட்டுத்தருவாயா" என்று ஒரு வாய் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

குமரி மாவட்டத்தில் இந்தப் பழக்கத்துக்கு வேர் உண்டு. திருவிதாங்கூர் அரசு 1916இல் கொண்டுவந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில், மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அதற்குப் பெயர் ஸ்திரீதனம். 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த எண்ணம் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பழைய சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது, பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, நகை போட்டாயிற்றா என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்பதில்லை. வேறுவிதமாகக் கொடுக்க விரும்பினால் உயில் எழுத அப்பாவுக்கு உரிமை உண்டு. எழுதுவதானால், எழுதப்போவதைப் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டு எழுதுங்கள். "அவளுக்குத்தான் நகை போட்டோமே" என்பது கணக்கு இல்லை, சமாதானம்.

நகை என்றதும் அடுத்தது கல்யாணம். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961லேயே சட்டம் வந்துவிட்டது. நம் மாவட்டத்துப் பெண் பார்க்கும் பேச்சில் பவுன் கணக்கு இன்னும் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிகிறது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஊரையே கேட்கிறோம். வீட்டில் பெண்ணிடம் ஒருமுறை கேட்டோமா? "ஜெபித்தேன், ஆண்டவர் இந்த இடத்தைத்தான் காட்டினார்" என்று சொல்லிவிட்டால் பிறகு அவள் அப்பாவையா மறுக்க முடியும், ஆண்டவரையே மறுப்பதாகிவிடுமே. நம் முடிவுக்கு ஆண்டவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட இழுப்பது, ஜெபத்தில் ஏசுவதைவிட மோசம். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, காரணம் இது, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவளும் ஜெபிக்கத் தெரிந்தவள்தான்.

வெளிநாட்டில் செவிலியர் வேலை பார்க்கிற மகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று. அவள் அனுப்புகிற பணத்தில் மேல்மாடி எழும்புகிறது, தம்பி படிப்பு முடிகிறது, அவள் கல்யாணப் பேச்சு மட்டும் 'அடுத்த விடுப்பில்' என்று தள்ளிக்கொண்டே போகிறது. அவள் தியாகத்தைச் சாட்சியாகச் சொல்லி மேடையில் கண்ணீர் விடுவதற்குப் பதிலாக, எவ்வளவு போதும் என்று அவளோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் தட்டாமல் நுழைவது. கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை என்றால் முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடாமல் அடுப்பை அணைத்துவைத்து, அதைப் போனில் சொல்வது. இரண்டாவதை நான் செய்திருக்கிறேன், அந்த வருடம் வீட்டில் எல்லோருமே பலகாரம் இல்லாமல் இருந்தார்கள், ஒருவரும் என்னை மன்னிக்கவில்லை.

பழக்கம் உடனே போய்விடாது. போன வாரம் இரவு ஜெபத்தில், "ஆண்டவரே, கல்லூரி விட்டதும் நேராக வீட்டுக்கு வராமல்..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பக்கத்திலிருந்து இளையவள் ஒரு தடவை இருமினாள். இருமல் இல்லாத இருமல். "...மழையில் நனைந்து வருகிற எல்லாப் பிள்ளைகளையும் காத்தருளும்" என்று முடித்தேன். அன்றைக்கு மழையே இல்லை. அவள் சிரிப்பை அடக்குவது பாயின் மறுமுனை வரைக்கும் கேட்டது.