ஏரியில் பொக்லைன் இறங்கும் முன் செய்ய வேண்டியவை

ஏரிச் சீரமைப்பு என்றதும் பல ஊர்களில் முதலில் வந்து நிற்பது பொக்லைன். அது கடைசியில் வர வேண்டியது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரி என்றால் தை மாதமே திட்டமிடத் தொடங்குங்கள். மண்வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும்.

ஏரியால் பிழைப்பவர்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தின் விவசாயிகள், கிணற்றுப் பாசனக்காரர்கள், மீன் குத்தகைதாரர், ஆடுமாடு மேய்ப்பவர்கள், கோரை அறுப்பவர்கள். யாருக்கு எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று கேட்டுக் குறியுங்கள். நிலமில்லாதவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பது அரிது. தகராறு எங்கே வரும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை வயல்களுக்கு மார்கழியில் தேவைப்படும் அதே தண்ணீர், மீனுக்குப் பங்குனி வரை வேண்டும்.

பிறகு கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் நீர் நின்றால் 10,000 கன மீட்டர். 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே 10 லட்சம் லிட்டர் போய்விடும். இதைக் கழிக்காமல் பங்கு பிரிக்காதீர்கள்.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை மழை நாளில் நடந்தே பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் வழிமாறிப் போகிறது என்பது வெயிலில் தெரியாது. வரத்து அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். சாக்கடை கலந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அள்ளிய ஆகாயத்தாமரை மறுபடி மூடிவிடும்.

தூர்வாரும் ஆழத்தை மண் சொல்லும். கடப்பாரையால் ஐந்தாறு இடங்களில் குழி போடுங்கள். மேலே கருத்த வண்டல் வரும். அதற்கடியில், உள்ளங்கையில் உருட்டினால் திரியாக நீளும் களி. அதற்கும் கீழே நறநறக்கும் மணலோ சரளையோ இருக்கலாம். வண்டலை மட்டும் எடுங்கள். களியை உடைத்தால் ஏரி நீரைப் பிடிக்காது. பாசன நீரைத் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவதால் பாசனத்துக்கு ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது. அந்த நீர் மீனுக்கும் மாட்டுக்கும் மட்டுமே. அதற்கு ஒரு மூலையில் பள்ளம் போதும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. எடுத்தாலே 3,000 கன மீட்டர் மண் சேரும். எந்த வயலுக்குப் போகிறது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

கரையடியை ஒட்டித் தோண்டவே கூடாது, கரை சரியும். ஏரியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டவும் கூடாது. மாடு இறங்காது, தவறி விழுந்த குழந்தை ஏற முடியாது, நாரை கால் ஊன்ற ஆழமற்ற நீர் இருக்காது. பறவைகள் தங்கினால் ஊருக்கும் வரவுதான்: எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறைகளாக அறிந்தது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், வெறுமனே வெட்டினால் துளிர்க்கும். நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். பறவைகள் கூடு கட்டும் மரம் அது.

நிரம்பிய ஏரியின் நீர் வழிந்தோடும் கலிங்கை உயர்த்தச் சொல்லி ஆயக்கட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் நீர் எட்டும் புதிய எல்லையை மட்டம் பார்த்து முளைக்குச்சி அடித்துக் காட்டுங்கள். மேலே உள்ள வயல்கள் மூழ்கும், கீழேயுள்ள ஏரிக்கு வரத்து குறையும், கரைக்கும் அழுத்தம் கூடும்.

எந்த மட்டத்துக்குக் கீழே மடை திறக்கக் கூடாது என்பதை ஊர் கூடி முடிவு செய்து, மடைக்கல்லில் பெயிண்டால் கோடு போடுங்கள். முதல் மழையில் ஏரி நிரம்பும்போது கரையின் வெளிப்புற அடியைத் தினமும் பாருங்கள். கசியும் நீர் தெளிந்து வந்தால் குறித்துவைத்துக் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் கரையின் மண் கரைகிறது: அன்றே மடையைத் திறந்து மட்டத்தைக் குறைத்து, பொறியாளரை வரவழையுங்கள்.